பன்னிரண்டுக்கு மட்டும் ஓடும் புரோகிராம்

இந்த ராத்திரி நேரத்தில் குரூப்பில் எழுதுறதுக்கு மன்னிச்சிடுங்க. பாப்பா இப்பதான் தூங்கினாள். எனக்குக் கோபத்தில் தூக்கம் வரவில்லை.

உத்திரமேரூர் கம்ப்யூட்டர் சென்டரில் சி என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறேன். ஒரு எண்ணின் காரணிகளை அர்ரேயில் சேர்க்கும் புரோகிராமை சார் இன்று போர்டில் எழுதிப்போட்டார். அர்ரே என்றால் எண்களை வரிசையாகப் போட்டு வைக்கும் பெட்டிகள்; அதில் அவர் வைத்தது ஆறே இடம். பன்னிரண்டைக் கொடுத்தால் ஆறு காரணியும் ஒழுங்காக உட்காரும்.

நான் அறுபதைக் கொடுத்தேன். அதற்குப் பன்னிரண்டு காரணிகள். இடம் போதாமல் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது.

"அறுபதை யார் குடுக்கச் சொன்னது? பரீட்சைல பன்னெண்டுதான் வரும்."

"வேற எண் வந்தா சார்?"

"கொழந்தய வூட்ல வுட்டுட்டு வந்து, இன்னாத்துக்கு மேடம் இந்த ஆராய்ச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். சாலவாக்கத்திலிருந்து வரும் பெண் மட்டும் என் காதருகே, "வுடுக்கா, அவர் சொன்னதயே எழுதிடு. இல்லன்னா ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து போடமாட்டாரு" என்றாள்.

போடமாட்டார்தான். கையெழுத்து இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். சர்டிபிகேட் வந்தால் வேலைக்கு மனு போடலாம் என்றுதான் பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு தினம் போகிறேன்.

ஆனாலும் கிளம்பும் முன் நூறு இடம் வைத்து மாற்றி ஓட்டிப் பார்த்தேன். அறுபதும் ஓடியது. அவரிடம் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறுபது என்று ஒரு எண் இருப்பதே என் குற்றம் போல.

ரெக்கார்டு என் முன்னால் திறந்து கிடக்கிறது. ஆறு என்று எழுதக் கை வரவில்லை.

ஆறா, நூறா? நாளை பத்து மணிக்குக் கிளாஸ். அதற்குள் யாராவது பதில் போடுங்க.