பூட்ஸ் போட்டு அளந்த கம்பு

அக்கா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் ஒன்று வைப்பாய். இப்போதும் எனக்கு அக்கா என்றுதான் வாயில் வருகிறது.

மூளையில் ரத்தம் கசிந்து ஒரே நாளில் போய்விட்டாய். ஏழு வாரம் ஆகிறது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. வேலை முடிந்து பஸ் ஏறுகிறேன், பாதியில் இறங்கி நடக்கிறேன், மறுபடி ஏறுகிறேன். புக்கிட் பாத்தோக் வீட்டுக்குள் நுழைந்தால் கதவுக்குப் பின்னால் உன் சிலம்பக் கம்பு நிற்கிறது.

எனக்கு அந்தக் கம்பைப் பிடிக்காது. சொல்லிவிடுகிறேன். தேக்கா வட்டாரத்தில் முன்பு ஒரு சிலம்பக் குழு இருந்ததாம். திருவிழா ஊர்வலத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டு போவார்களாம். பிறகு ஆளுக்கொரு வேலை, பிள்ளைகளுக்கு டியூஷன் என்று குழு கலைந்துவிட்டது. கம்புகள் ஒரு கடை மாடியில் கட்டாகக் கிடந்தன. நீ போய்க் கேட்டு வாங்கி வந்தாய். ஊரில் சிலம்பம் ஆடிய ஓர் அண்ணன் துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் மூன்று பேர், பிறகு பதினான்கு பேர். என்னோடு இருக்க உனக்கிருந்த ஒரே நாளான ஞாயிற்றுக்கிழமையையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டாய்.

எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துத் திடலில் வகுப்பு நடத்த அனுமதி உன் பெயரில் இருந்தது. இந்த மாதத்தோடு அது முடிகிறது. இங்கே குடியிருப்பவர் யாராவது பெயர் கொடுத்தால்தான் இனி வகுப்பு. "நீங்க குடுங்களேன்," என்று துவாஸ் அண்ணன் மெசேஜ் போட்டார். நான் பதிலே போடவில்லை.

போன சனிக்கிழமை வேலையிலிருந்து வந்தவள், என்ன தோன்றியதோ, உன் கம்பைக் கையில் எடுத்தேன். கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பாய். நான் உன்னைவிடக் குட்டை. அளந்து, அப்பாவின் ரம்பத்தால் அறுத்தேன். அறுத்து முடித்ததும் அழுதேன்.

மறுநாள் காலை கீழே போனேன். எல்லோரையும்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். துவாஸ் அண்ணன் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னங்க, நெத்தியத் தாண்டி நிக்குது?"

"நேத்துதான் அளந்து வெட்டுனேன். சரியாத்தான் இருந்துச்சு."

"கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

"சேஃப்டி பூட்ஸ்."

வகுப்புக்கு வரும் நர்ஸ் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ, பூட்ஸ் போட்டா அளந்தே? உங்கக்கா இருந்திருந்தா அதே கம்பால போட்டிருப்பா லா!"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

"ரெண்டு விரக்கடை எடுத்துடவா?" என்றார் அண்ணன்.

"தொட்டீங்க, அவ்ளோதான்."

"தரையில இடிக்குமே."

"இடிக்கட்டும் லா."

இடித்தது. தரையில் மட்டுமில்லை, என் முட்டியிலும் காதிலும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் கால் தானாக ஆடவில்லை.

முடிந்ததும் போனில் அனுமதி பாரத்தைத் திறந்தேன். இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாக ஓடாது. நர்ஸ் அக்கா படித்துச் சொல்லச் சொல்ல, உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். அனுப்பும் முன் மூன்று தடவை அழித்தேன். நாலாவது தடவை அனுப்பிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களே, கோயிலோ சர்ச்சோ, எங்கே கை கூப்பினாலும் எங்கள் அக்காவுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். அமைதியாக இருக்கட்டும் என்று கேட்க எனக்கு வரவில்லை. அவள் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும் என்று கேளுங்கள், போதும்.