பதில் கடமைக்கு ஒரு கையெழுத்து

அரசாங்க உத்தியோகத்தில் லீவு எடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. படிவத்தின் மேற்பாதியில் நம் பெயர், நாட்கள், காரணம் எழுத வேண்டும். கீழே ஒரு கோடு இருக்கும்: பதில் கடமை பார்ப்பவர். அதில் இன்னொருவர் கையெழுத்து வைக்காவிட்டால் மேலதிகாரி பேனாவையே தொடமாட்டார். அந்தக் கோட்டில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தவன் நான்.

கொழும்பில், சட்டம் இயற்றும் சபையின் சட்டக் கந்தோர் என்ற அலுவலகத்தில், தமிழ்ப் பிரதிக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு சட்டமூலத்தையும் ஒருவர் கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி உரக்க வாசிப்பார். மற்றவர் மூலத்தில் விரல் வைத்துப் பார்ப்பார். ஒரு எழுத்தும் விடக்கூடாது. நான் வடக்கே தீவுப்பகுதியில் நாரந்தனை என்ற ஊர். மற்றவன் பக்கத்து ஊர் சுருவில், என்னைவிட ஆறு வயது இளையவன். சட்டத்தில் தமிழ் பிழையாகிப் போனால் இரண்டு தீவாரைப் பிடித்தால் போதும் என்று கந்தோரில் பகிடி. ஒருவர் லீவில் போனால் மற்றவர் தானே வாசித்துத் தானே பார்க்க வேண்டும். ஆகவே முறை வைத்துத்தான் ஊருக்குப் போவோம்.

எண்பத்து மூன்று ஆடியில் அவனுடைய முறை. பிரசவத்துக்குச் சுருவில் போயிருந்த மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் இன்னும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்குப் பெண் பார்க்க வரச்சொல்லி வீட்டிலிருந்து கடிதம் வந்தது. முப்பத்தைந்து வயதாகியிருந்தது. அவசரம் எனக்கு.

“பிள்ளையின்ரை முகம் ஒரு கிழமையிலை மாறிப் போகுமே? அடுத்த முறை நீர் போம்,” என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவனும் சிரித்தான். மூத்தவன் ஒன்று கேட்டால் மறுக்கத் தெரியாதவன். “சரி அண்ணை, போயிட்டு வாங்கோ. பொம்பிளை வடிவோ எண்டு வந்து சொல்லுங்கோ,” என்று சொல்லிக் கோட்டில் கையெழுத்து வைத்தான். பிரதிகள் பூட்டியிருக்கும் அலுமாரியின் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

நான் வந்து சேர்ந்தேன். சாதகம் பொருந்தவில்லை. அதைச் சொல்ல வீட்டார் ஒரு தபாலட்டை போட்டிருந்தாலே போதும், நான் வந்திருக்கவே தேவையில்லை.

திங்கட்கிழமை கொழும்பு எரிந்தது. தமிழரைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அவனோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த ஒருவர் அகதிக் கப்பலில் தப்பி வந்து நடந்ததைச் சொன்னார். காலையில் வெளியே போகாதே என்று எல்லோரும் மறித்திருக்கிறார்கள். “சாவி என்னட்டைக் கிடக்கு. நான் போகாட்டி அலுமாரி திறபடாது,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினானாம். கந்தோருக்கு அவன் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆகையால் மரணச் சான்றிதழும் இல்லை.

செத்த வீடு என்று சொல்லவும் முடியாத அந்த வீட்டுக்கு ஒருமுறை போனேன். ஆட்களோடு ஆளாக இருந்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். கோழைத்தனம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

மாரி தொடங்கியிருந்தது. ஒருநாள் அவனுடைய மனைவி குழந்தையையும் தூக்கிக்கொண்டு சுருவிலிலிருந்து நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் கந்தோர்க் கடிதம்.

“இங்கிலீசிலை கிடக்கு. வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை.”

கதிரையில் இருத்திவிட்டு வாசித்தேன். பதில் கடமையை ஏற்றுக்கொண்ட தாங்கள் இன்றுவரை சமுகமளிக்கவில்லை என்று தொடங்கியது. இனியும் வராவிடில் பதவியைக் கைவிட்டவராகக் கருதப்படுவீர். அலுமாரிச் சாவியை உடனே ஒப்படைக்கவும். பதில் கடமை என்ற தொடக்கத்தை மட்டும் விழுங்கிவிட்டு மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். வாழ்க்கையில் வாசிப்பில் நான் எதையும் விட்டது அன்றுதான்.

கடிதத்தின் பின்னால் என் லீவுப் படிவத்தின் பிரதியைக் குத்தியிருந்தார்கள். அது தமிழில் நிரப்பியது. அவள் அதை வாங்கிப் பார்த்தாள். மேலே என் பெயரும் லீவு நாட்களும், கீழே அவன் கையெழுத்து.

“அவர் வாறன் எண்டு முதல் எழுதின நாளும் இதுதான்,” என்றாள். “பிறகு கந்தோரிலை லீவு தரேல்லை எண்டு எழுதினவர். நான் நம்பேல்லை அண்ணை. பிள்ளையைப் பாக்க மனமில்லாமல் பொய் சொல்லுறார் எண்டு கோவிச்சு, அந்தக் கடிதத்துக்கு மறுமொழி போடேல்லை.”

என்னைக் காட்டிக் கொடுக்காமல் அவளிடம் பொய் எழுதியிருக்கிறான்.

“அது அவரின்ரை முறைதான்,” என்றேன். “நான்தான் கேட்டு வாங்கினனான்.”

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். “முதலிலை இருந்து வாசியுங்கோ, ஒண்டும் விடாமல்,” என்றாள். வாசித்தேன். தெரியாத அந்த ஆங்கில வரிகளின் மேல் அவள் விரல் என் குரலோடு மெல்ல நகர்ந்து வந்தது.

முடிந்ததும், “இதுக்கு மறுமொழி எழுதுங்கோ,” என்றாள்.

“என்னெண்டு எழுத?”

“அவர் லீவிலை நிக்கிறார் எண்டு. அவரின்ரை முறைதானே. கீழ்க்கோட்டிலை நீங்கள் கையெழுத்து வையுங்கோ.”

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவள் தெளிவாக இருந்தாள். வெள்ளைத் தாளில் படிவம் போலக் கோடு போட்டு அவன் பெயரை எழுதினேன். காரணம்: குழந்தையைப் பார்க்க. பதில் கடமைக் கோட்டில் கையெழுத்து வைத்தேன். அவள் அதை மடித்துக் குழந்தையின் துணிக்குள் செருகிக்கொண்டு தபாற்கந்தோர்ப் பக்கம் நடந்தாள்.

கடமைக்குத் திரும்பும்படி எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. கோட்டில் கையெழுத்து வைத்தவன் கடமைக்குப் போக வேண்டும். அவன் வைத்தான், போனான். நானும் வைத்தேன். பயத்தில் நாரந்தனையை விட்டு அசையவில்லை.