வால் போன ‘போடாத’

கடற்படையில் பெயர் எடுத்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்றுதான் போன வாரம் ஒரகடம் போனேன். தயாளன். புயலில் கவிழ்ந்த படகிலிருந்து ஆட்களை மீட்டுப் பதக்கம் வாங்கியவர். வடக்குப்பட்டுப் பக்கம் சுதந்திர தினக் கொடி ஏற்ற இவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது ஒரு சின்னக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர்.

அங்கே அவருக்குப் பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘கிளி சார்’!

கப்பலில் உத்தரவைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வேலையில் கை வைக்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்.

“இன்னா சார், சொன்னதையே சொல்லிக்கினு... நாங்க இன்னா எல்கேஜியா?” என்று என்னிடம் சிரித்தார் மெக்கானிக் அந்தோணி. சிரித்தபடியே ரிப்பேருக்காக பிரஸ் மெஷினுக்குள் இடுப்பு வரை நுழைந்தார்.

தலைக்கு மேலே அவ்வளவு பெரிய இரும்பு. எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. யாரும் போட முடியாதபடி ஸ்விட்சைப் பூட்டாமல் நுழைந்திருக்கிறார் என்பது அப்போது தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் மாறியது. ஸ்விட்ச் பக்கம் அடுத்த ஷிஃப்டுக்கு வந்து நின்றவர் சுமதி. அங்கிருந்து பார்த்தால் அந்தோணி தெரியமாட்டார். இந்தப் பக்கத்திலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்: “சுமதி, ஸ்விட்ச் போடாத!”

பக்கத்து லைனில் காதைப் பிளக்கும் சத்தம். சுமதியின் கை நேராக ஸ்விட்சுக்குப் போனது.

கை பாதியில் நின்றது. பழக்கதோஷம்!

“ஸ்விட்ச் போடுறேன் சார்!”

“நில்லு!” – அப்போதுதான் அங்கே வந்த தயாளனின் குரல் ஷெட்டையே உலுக்கியது.

“நிக்கிறேன் சார்!”

நம் தமிழில் ‘வேண்டாம்’ என்பது வார்த்தையின் வாலில்தானே இருக்கிறது? போடு – போடாத. சத்தம் அந்த வாலைத் தின்றுவிட்டால், தடுத்ததே உத்தரவாகிவிடுகிறது. என் வீட்டில் ‘வாங்காத’ என்றது ‘வாங்கு’ என்று காதில் விழுந்தால், ஒரு தயிர் பாக்கெட் கூடுதலாக வரும். அங்கே?

வெளியே வந்த அந்தோணியின் முகத்தில் ரத்தமே இல்லை. சுமதி அழுதுவிட்டார். தயாளன் திட்டவில்லை.

“மொதல்ல பூட்டு. அப்புறம் உள்ள போ.”

அந்தோணி பூட்டைக் கையில் எடுத்தார்.

“மொதல்ல பூட்டுறேன்... அப்புறம் உள்ள போறேன் சார்.”

கிளி என்று சிரிக்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.