டெல்ஃபினாவின் சரிவில் விழுந்த நிழல்

பரோலோ ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, ரோஜா மணக்கிறது, தார் மணக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை விளைவித்தவளுக்கு என்ன மணந்தது என்று எவனாவது கேட்டானா? டெல்ஃபினா பொஜ்ஜேரோவுக்குப் பல வருஷம் சாக்லேட் வாடைதான். இரவெல்லாம் ஆல்பா நகரத்து மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை, விடிந்ததும் மலைச்சரிவில் திராட்சைக் கொடி வெட்டும் வேலை. அப்போது எங்கள் ஒயினைச் சீந்த ஆளில்லை. பாதி ஊர் டூரின் கார் தொழிற்சாலைக்கு ஓடியது. அவள் கல்யாணம்கூடக் கட்டிக்கொள்ளாமல் அப்பா நட்ட கொடிகளோடு கிடந்தாள்.

பிறகு எங்கள் ஒயினுக்குப் பேர் வந்தது. பேருக்குப் பின்னால் மிலானிலிருந்து ருஜ்ஜேரோ வந்தான். அவள் சரிவுக்குக் கீழே ஹோட்டல் கட்டினான். அவன் விற்றது என்ன? ஜன்னலில் அவள் சரிவு, மேஜையில் அவள் ஒயின். அதோடு விட்டானா? இத்தாலி என்றால் ஊசிபோல் உயர்ந்த சைப்ரஸ் மரம் இருக்க வேண்டுமாம், விருந்தாளிகள் எதிர்பார்க்கிறார்களாம். டஸ்கனியிலிருந்து வளர்ந்த மரங்களாகவே லாரியில் கொண்டுவந்து எல்லையோரம் வரிசையாக நட்டான். எங்கள் மலைக்கும் அந்த மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் நெபியோலோ திராட்சை எல்லாவற்றுக்கும் கடைசியில் பழுப்பது. அக்டோபரின் சாய்ந்த வெயில் விழாவிட்டால் புளிப்பு இறங்காது. மரம் வந்த பிறகு கீழ்வரிசைப் பழங்களை அவள் ஒயினில் சேர்ப்பதேயில்லை. போய்க் கேட்டதற்கு, "உங்க கவலை புரியுது, சிஞ்ஞோரா" என்று கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினான். வழக்குப் போட்டால் தீர்ப்பு வர அவளுக்கு ஆயுசு போதாது என்றார் வக்கீல்.

போன ஜனவரியில் பனி பெய்தது. எங்கே பனி முதலில் உருகுகிறதோ அதுதான் நல்ல நிலம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மதியத்துக்குள் அவள் சரிவின் மேல்பாதியில் மண் தெரிந்தது. கீழே அப்படியே வெள்ளை. டெல்ஃபினா பக்கத்துத் தோட்டக்காரனான என்னையும் இழுத்துக்கொண்டு போய் ருஜ்ஜேரோவை வெளியே கூப்பிட்டாள்.

"நல்லா பாருங்க. முன்னெல்லாம் மொத்தமா உருகிடும். இப்போ உங்க மர நிழல் விழுற இடம் மட்டும் உருகல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவன் பார்த்தான். "அடடா, என்ன அழகு!" என்றான். உள்ளே திரும்பி, "எல்லாரும் வாங்க, போட்டோ எடுங்க!" என்று கத்தினான். விருந்தாளிகள் கோப்பையும் கையுமாக வந்து நின்று எடுத்தார்கள்.

டெல்ஃபினா கொட்டகைக்குப் போய் மோட்டார் ரம்பத்தோடு வந்தாள். "ஓரெஸ்தே, இவங்கள நகத்து. மேல விழுந்துடப் போவுது." சந்தோஷமாக நகர்த்தினேன். முதல் மரம் சாய்ந்தபோது கைதட்டினார்கள், ஏதோ ஊர்த் திருவிழா என்று நினைத்து.

"நாப்பது வயசு மரம்! போலீஸைக் கூப்பிடுறேன்!" ருஜ்ஜேரோவின் குரல் கிழிந்தது.

"கூப்பிடுடா! என் கொடிங்க உன்னைவிட மூத்தது. அதுங்க வெயில் இல்லாம கிடந்தப்போ யாரைக் கூப்பிட்டே?"

மூன்று மரம் படுத்தபோது போலீஸ் வண்டி வளைவில் ஏறும் சத்தம் கேட்டது. டெல்ஃபினா மோட்டாரை நிறுத்தினாள். ரம்பத்தை என்னிடம் நீட்டினாள்.

"கை ஓஞ்சு போச்சு. இன்னும் நாலு இருக்கு."

வாங்கி முடுக்கினேன்.