மீரான் மைதீனின் ஹாங்காங்

வழிகாட்டி அம்மாள் வாயைத் திறப்பதற்குள் மீரான் மைதீனின் தலை இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிட்டது. "இது இல்ல. ஹாங்காங்ல இப்படி இல்ல" என்றார். அந்த அம்மாள் இன்னும் தன் பெயரைக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் சைனா டவுனின் பச்சை ஓடு வேய்ந்த வாசல். 2007 ஜூலை, மாலை ஆறு மணி. ஜூலை என்ற பெயரை நம்பி அரைக்கால் சட்டையோடு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் பனிக்காற்றில் பல் கிட்டி நின்றார்கள். மீரான் மைதீன் ஏமாறுகிற ஆளா? முழுக்கைச் சட்டை, அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர், அதன்மேல் மகனுடைய கம்பெனிப் பெயர் போட்ட ஜாக்கெட், காலில் மகன் வாங்கித் தந்த வெள்ளை ஷூ. இத்தனைக்கும் மேலே, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தத் தெருவையே விலைக்குக் கேட்க வந்தவர் மாதிரி ஒரு பார்வை. பக்கத்தில் மனைவி மெஹர் நிஷா, கறுப்பு அங்கிமேல் மருமகளுடைய கார்டிகனை மாட்டிக்கொண்டு, வழிகாட்டியின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

மீரான் மைதீனுக்கு வயது அறுபத்திரண்டு. ஊர் காயல்பட்டினம். பத்தொன்பது வருஷம் ஹாங்காங்கில் மச்சான் கடையில் வண்ணக்கல் தரம் பிரிக்கிற வேலை. வேலையை விட்டு ஒன்பது வருஷமாகியும் கண் இன்னும் வேலையை விடவில்லை. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். மகன் குடியிருக்கும் ஃப்ரீமாண்டில் இந்தியன் ஸ்டோரில் திராட்சைக்கு இந்த மரியாதை நடக்கும்போது பின்னால் வரிசை நீளும். மகன் சுஃபியான் பாஸ்போர்ட்டில் விசா குத்தி வந்தபோது அதையும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்து, "சுத்தமா இரிக்கி" என்று சான்றிதழ் கொடுத்தவர்.

இப்படி ஊரிலுள்ள எல்லாவற்றிலும் பழுது தேடுகிற மனுஷர் தன் கதையில் மட்டும் ஒரு பெரிய பழுதை மூடி வைத்திருந்தார்.

அவர்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் மீரான் மைதீன் பெட்டியோடு வந்து இறங்குவது மெஹர் நிஷாவின் வீட்டில்தான். அவர் வந்தார், போனார். அவள் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அங்கே அவர் எப்படி இருக்கிறார் என்பது அவருடைய கடிதம் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். கடிதம் என்ன சொன்னது? பதினாலாவது மாடி, தனி அறை, ஜன்னலைத் திறந்தால் கடல், காற்று ஆளை அள்ளிக்கொண்டு போகும்.

உண்மையில் ஒரே அறையில் ஆறு பேர். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்து ஏசி முகத்தில் சொட்டும். முதல் கடிதத்தில் அதைத்தான் எழுத உட்கார்ந்தார். அதற்குள் அவளுடைய கடிதம் வந்துவிட்டது: நீங்கள் போனதிலிருந்து சோறு இறங்கவில்லை, அங்கே எப்படிப் படுக்கிறீர்களோ என்னவோ என்று. எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடலை எழுதினார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு மேசை நாற்காலியும் போட வேண்டியிருக்கிறதே! அடுத்த கடிதத்தில் நீலத் திரைச்சீலை வந்தது. அதற்கடுத்ததில் ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறை குடித்தனம் நடத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மகன் வீட்டுக்கு வந்து இறங்கிய வாரத்திலேயே மெஹர் நிஷா கேட்டுவிட்டாள்.

"நீங்க இருந்த ஊரு மாதிரியே ஒரு எடம் இங்க இரிக்காம்ல? ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. நீங்க இல்லாத வீட்டுல பத்தொம்பது வருஷம் இருந்தேன். நீங்க இருந்த வீடு எப்படின்னு நான் பாக்காண்டாமா?"

அன்றைக்குப் பிடித்தது மீரான் மைதீனுக்கு முட்டி வலி. முட்டி வலி சரியானதும் பிரஷர். பிரஷர் இறங்கியதும், அங்கே பனி அதிகமாம் என்று டிவியில் சொன்னான். கடைசியில் சுஃபியான் ஒருநாள், "வாப்பா, ஈவினிங் டூர் ஒண்ணு ஆன்லைன்ல புக் பண்ணிட்டேன். கைடு எல்லாம் உண்டு. கேன்சல் பண்ண முடியாது" என்று சொல்லி, இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடிப் போய்விட்டான். வருகிற வழியில், பே பிரிட்ஜ்மேலே, மீரான் மைதீன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எதைக் காட்டினாலும் ஹாங்காங்கில் இப்படி இல்லை என்று சொல்லிவிடுவது. அப்புறம் எதை வைத்து அவள் அவரைப் பிடிப்பாள்? தலையாட்டலின் ரகசியம் இவ்வளவுதான்.

வழிகாட்டியின் பெயர் ரூத் ஃபாங். எழுபது வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கையில் சிவப்புக் குடை. கூட்டத்தில் பத்துப் பேர். முதல் தெருவிலேயே மீரான் மைதீன் வகுப்பின் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். ரூத் சிவப்பு விளக்குகளைக் காட்டினால், "ஹாங்காங் விளக்கு இதைவிடப் பெரிசு" என்றார் ஆங்கிலத்தில். பட்டுக்கடையைக் காட்டினால், "இது பட்டு இல்லை" என்றார். பூங்காவில் கிழவர்கள் சீட்டாடுவதைக் காட்டியபோது மனைவி பக்கம் திரும்பி, "அங்க இப்படி வெளிய உக்காந்தா போலீஸ் புடிச்சிரும்" என்றார். இது அவர் அந்த நிமிஷம் கட்டிவிட்டது.

"நன்றி, மிஸ்டர் மைதீன். கொஞ்சம் வகுப்போடு சேர்ந்து வாருங்கள்" என்றாள் ரூத். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு இந்தப் பிள்ளை எம்மாத்திரம்!

ஒரு சந்துக்குள் பிஸ்கட் செய்கிற சின்னக் கடை. சூடான தட்டிலிருந்து வட்ட வட்டமாக எடுத்து, உள்ளே ஒரு சீட்டு வைத்து மடிக்கிறார்கள். மெஹர் நிஷா ஒன்றை வாங்கினாள். "இரு, திங்காத" என்று மீரான் மைதீன் கையை உயர்த்தினார். பன்றிக் கொழுப்பு சேர்த்திருந்தால்? தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பிஸ்கட் மடிக்கிற பெண்ணிடம் ஹாங்காங் பாஷையான கான்டனீஸில் ஒரு கேள்வி கேட்டார். ஒன்பது வருஷமாகக் காயல்பட்டினமே கேட்கக் காத்திருந்த கான்டனீஸ்! அந்தப் பெண் இரண்டு நொடி அவரைப் பார்த்துவிட்டு, "சாரி, இங்கிலீஷ் ப்ளீஸ்?" என்றாள்.

"மாண்டரின்காரி" என்றார் மனைவியிடம். "வடக்கத்தி ஆளு. பாவம், கான்டனீஸ் தெரியாது."

விஷயம் என்னவென்று ரூத் கேட்டாள். கேட்டுவிட்டு, "இல்லை இல்லை, இவள் கௌலூன்காரி. என் பக்கத்து வீடுதான்" என்றாள்.

மெஹர் நிஷாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் கௌலூன் புரியாமல் போகுமா? பத்தொன்பது வருஷம் அவருடைய ஹாங்காங் விலாசத்தில் அந்தப் பெயரைக் கவர்மேல் எழுதின கை அது. பன்றிக் கொழுப்பு கிடையாது என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னதும், சிரிப்பை அடக்குவதற்காக, சீட்டை உருவிவிட்டு முழுப் பிஸ்கட்டையும் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, "மேலே ஒரு அறை, பழையபடியே வைத்திருக்கிறோம்" என்றாள் ரூத். படிக்கட்டிலிருந்து ஈரச் சுவர் வாடையும் பழைய எண்ணெய் வாடையும் சேர்ந்து இறங்கி வந்தது. மீரான் மைதீனின் மூக்குக்கு அது பத்தொன்பது வருஷம் பழகின வாடை. சட்டென்று நின்றுவிட்டார்.

"முட்டி வலிக்கி. மேல ஒண்ணும் இருக்காது. நாம இங்கேயே நிப்போம்."

"முட்டி உங்களுக்குத்தானே, எனக்கா?" என்று சொல்லிவிட்டு மெஹர் நிஷா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். வேறு வழியில்லாமல் பின்னாலேயே அவரும் ஏறினார்.

பத்தடிக்குப் பத்தடி இருந்தால் அதிகம். இரண்டு சுவரையும் ஒட்டி மேலும் கீழுமாகப் பலகைக் கட்டில்கள். நடுவே ஒரு பல்ப், ஆணிகளில் சட்டைகள், மூலையில் ஒரு அடுப்பு, கட்டிலடியில் தகரப் பெட்டிகள். நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படிப்பட்ட அறைகளில்தான் ஆண்கள் கும்பலாகக் கிடந்தார்கள் என்று ரூத் சொல்ல ஆரம்பித்தாள். மனைவிமார் சீனாவிலேயே இருந்தார்கள். சட்டம் அவர்களை வரவிடவில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம் கடிதத்திலேயே குடும்பம் நடத்தியவர்கள் உண்டு.

"என்ன சொல்லுதாவ?" என்று மெஹர் நிஷா கேட்டாள்.

"ஸ்டோர் ரூமாம். சாமான் போட்டு வைக்கிற எடம்."

அவள் கட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சாமானுக்குத் தலவாணி எதுக்கு?"

மீரான் மைதீன் திடீரென்று பல்பின் கண்ணாடியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராயத் தொடங்கினார்.

யாராவது கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள் என்றாள் ரூத். ஒஹையோவிலிருந்து வந்த நெட்டை மனிதர் ஒருவர் ஆசையாகக் குனிந்து, மேல்பலகையில் மடேரென்று நெற்றியை இடித்துக்கொண்டார். அவர் மனைவி முயன்றாள், அவளுக்கும் ஒரு இடி. கூட்டம் சிரித்தது. மூன்று மாடி ஏறிய மீரான் மைதீனுக்கோ, இரண்டு மாதமாகப் பொய்க்கு வலித்த முட்டி இப்போது நிஜமாகவே வலித்தது. வலி தாங்காமல், வேறொன்றும் யோசிக்காமல், அவர் போய் உட்கார்ந்தார்.

எப்படி உட்கார்ந்தார் என்பதுதான் விஷயம். முதுகைக் காட்டித் திரும்பி, வலது தோளைச் சாய்த்து, கழுத்தை ஒரே வெட்டாக மடித்துப் பலகைக்கடியில் நுழைந்தார். நுழையும்போதே குதிகாலால் ஷூக்களைக் கழற்றிக் கட்டிலடிக்குத் தள்ளியாயிற்று. கால்களை மடக்கி மேலே இழுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒடுங்கினார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் மிச்சம். மேல்பலகைக்கும் அவர் உச்சந்தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"அடடா, பிரமாதம்!" என்று கைதட்டினாள் ரூத். "இதுவரை யாரும் இடிக்காமல் உட்கார்ந்ததில்லை."

கூட்டமும் கைதட்டியது. மெஹர் நிஷா தட்டவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்பது அந்தக் கைதட்டலுக்கு நடுவேதான் மீரான் மைதீனுக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

ரூத் கூட்டத்தை நடையிலிருந்த பொதுச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அறையில் இவர்கள் இருவர் மட்டும்.

"எத்தன பேரு?" என்று கேட்டாள் மெஹர் நிஷா.

அவர் தரையைப் பார்த்தார். "ஆறு."

"மேலயா, கீழயா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "புதுசா வாரவனுக்கு மேல. எனக்குப் பதினோரு வருஷம் கழிச்சித்தான் கீழ கெடச்சிது."

"கடலு?"

"பஸ் ஏறிப் போனா இரிக்கி."

"அந்த நீலத் திரை? பூந்தொட்டி?"

அவர் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். மெஹர் நிஷாவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. "நான் உங்ககிட்டக் கடலு கேட்டனா? அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்துனியளான்னு எத்தன கடுதாசில கேட்டிரிக்கேன்! ஊத்துறேன் ஊத்துறேன்னு எழுதிட்டு... நான் அங்க மூணு கட்டு வீட்டுல காலை நீட்டிப் படுத்துக் கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லிருந்தா, நானும் சுருண்டு படுத்திருப்பேன்ல?"

"அதுக்குத்தான் சொல்லல" என்றார் மீரான் மைதீன்.

நடையிலிருந்து ரூத்தின் குரல் கேட்டது, அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று. மெஹர் நிஷா கார்டிகன் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் அவர் ஷூக்களின் பக்கத்தில் விட்டாள்.

"நவுருங்க" என்றாள்.

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பழக்கமில்லாமல், நேராகவே குனிந்தாள். மீரான் மைதீனின் வலது கை சட்டென்று மேலே போய், மேல்பலகையின் விளிம்பை உள்ளங்கையால் பொத்திக்கொண்டது, அவள் தலை இடித்துவிடாமல்.