மேவிஸ் ஃபாசெட்டின் தொலைபேசி அழைப்பு

மேவிஸ் ஃபாசெட் வட இங்கிலாந்தில், எங்கள் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் முப்பது வருடம் ஆட்டுத் தீவனம் விற்றவர். எழுபத்தொரு வயது. செவ்வாய்தோறும் பக்கத்து வீட்டுக் கிளிஃபைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, முதியோர் இல்லத்திலிருக்கும் கிளிஃபின் தம்பியைப் பார்க்கப் போவார்.

மார்ச் மாதம் ஒரு காலை, கிளிஃபுக்குத் தேநீர் ஊற்றும்போது மேவிஸின் கை அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது, பேச்சில்லை. தேநீர் கோப்பையைத் தாண்டி மேசையெல்லாம் ஓடியது. ஒரு நிமிடம் கழித்து, "சர்க்கரை போட்டேனா?" என்று கேட்டார்.

வலிப்பில் இது ஒரு வகை என்றார் மருத்துவர். கார் ஓட்டக் கூடாது. ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கும் கார் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

"டாக்டர்கிட்ட சொன்ன, சரி. இன்சூரன்ஸ்காரன்கிட்ட எதுக்கு? அவன் என்ன மருந்தா குடுக்கப் போறான்?" என்றார் கிளிஃப்.

"முன்சீட்டுல உக்காருறவன் நீதான? மோதினா மொதல்ல உடையறது உன் மண்டை. மறைச்சிருந்தா அவன் பைசா குடுக்க மாட்டான்."

உரிம அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு, அன்று மதியமே மேவிஸ் காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மறுமுனையில் ஓர் இளம்பெண்.

"எத்தனை தடவை வந்துச்சு மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு. தெரியாம எத்தனையோ."

"அத எப்படி மேடம் எழுதுறது?"

"அப்படியே எழுதும்மா."

வண்டியை வேறு யாராவது ஓட்டுவார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். மேவிஸ் எதிரே உட்கார்ந்திருந்த கிளிஃபைப் பார்த்தார். மனைவி இறந்து பதினோரு வருடம்; அதன்பின் கிளிஃப் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. உரிமம் மட்டும் இருந்தது. மேவிஸ் அவர் பெயரைக் கொடுத்தார்.

"என்னக் கேக்காமலே குடுத்துட்டியே."

"கேட்டா மாட்டேன்னுதான சொல்லுவ."

முதல் செவ்வாய் கிளிஃப் இரண்டாம் கியரிலேயே மேடேறினார். பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது. வழியெல்லாம் மேவிஸ் வைதுகொண்டே வந்தார். மே மாதத்துக்குள் கை பழகிவிட்டது.

ஜூலையில், லேபர்ன் ஊருக்குப் போகும் சாலையில், வைதுகொண்டிருந்தவரின் பேச்சு பாதியில் நின்றது. கிளிஃப் திரும்பிப் பார்த்தார். அதே பார்வை. எதிரே பால் லாரி வந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து, லாரி போனதும் ஒரு பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

மேவிஸ் நினைவு திரும்பி, "ஏன் நின்னுட்ட?" என்றார்.

கிளிஃப் சொன்னார்.

"ரெண்டுன்னு சொல்லணும் அந்த இன்சூரன்ஸ் பொண்ணுகிட்ட," என்றார் மேவிஸ். "உன் தம்பி காத்திருப்பான். எடு வண்டிய."

மேவிஸுக்கு உரிமம் திரும்பக் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் இன்றும் போகிறார்கள்.