சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிய கப்பல்

வைக்கிங்குகளைப் பற்றி எனக்குத் தேவைக்கு மேல் தெரியும். ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்க்கும், நாற்பத்தைந்து தாண்டிய தமிழ்ப் பெண்ணுக்கு எவ்வளவு தெரிந்தால் போதுமோ, அதைவிட ஒரு அலுமாரி அளவு அதிகம். ஆயிரம் வருடத்துக்கு முன் வடகடலில் கப்பலோட்டிய அவர்கள் தலைக்கவசத்தில் கொம்பு வைத்துக்கொண்டதில்லை. சனிக்கிழமை தவறாமல் குளித்தார்கள். கொள்ளையடிக்கப் போனாலும் இடுப்பில் சீப்பு இருந்தது. அலுவலக விருந்தில் யாராவது கொம்புத் தொப்பியோடு வந்தால் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்வேன். இப்போது விருந்துகளுக்கு என்னை அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை.

அவர்கள் எனக்கு என்ன சொந்தமா என்று என் கணவர் கேட்பார். சொந்தமில்லை. எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய ஒரு சொந்தம் வராமல் போனதற்கு அவர்கள் காரணம், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என நான்கு பேர். சித்தப்பாவுக்கு முப்பத்தொன்று. ஓர் உணவகத்தின் சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் பதினாறு வயதிலிருந்து கடலுக்குப் போனவர். எங்கள் குடும்பமே அப்படித்தான்; தாத்தாவுக்கு இரண்டு வள்ளங்கள் இருந்தன. ஆனால் இதை வீட்டுக்கு வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். வெளியே சொல்லக்கூடாத விடயங்கள் அக்காலத்தில் எங்கள் வீட்டில் ஏராளம். பெரும்பாலானவை அகதி விண்ணப்பத்தோடு, அதாவது எங்கள் வாயில் ‘அன்ராக்’ என்று வழங்கியதோடு, சம்பந்தப்பட்டவை. கடலையும் ஜெர்மன் அரசாங்கத்திடமிருந்துதான் மறைக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் அம்மா அதை மறைத்தது மற்றத் தமிழர்களிடமிருந்து. யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் போகிற வீட்டுக்கு, போகாத வீட்டுக்காரர் பெண் கொடுக்கமாட்டார்கள். சாதி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே அது விசா எடுத்து, விமானம் ஏறி, எங்களுக்கு முன்னாலேயே பீலெஃபெல்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. எங்களுக்கு ஊரில் ‘ஏற்றுமதி வியாபாரம்’ என்று அம்மா சொல்லியிருந்தார். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கருவாடும் கொழும்புக்கு ஏற்றுமதியாகத்தான் போனது.

என் வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள், சுபா. அவளுடைய அம்மாவுக்குக் கொழும்பில் ஒரு தங்கை. அந்தத் தங்கைக்கும் சித்தப்பாவுக்கும் சாதகம் பார்த்தாயிற்று, நன்றாகப் பொருந்தியிருந்தது. படம் வந்திருந்தது. சித்தப்பா அதைத் தன் வேலை அனுமதிப் பத்திரத்துக்குள் வைத்திருந்தார். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

அந்த வசந்த காலத்தில் எங்கள் வகுப்பில் வைக்கிங் பாடம் நடந்தது. முடிவில் வடக்கே, கடலோரத்தில் இருந்த ஒரு வைக்கிங் கிராமத்துக்குப் பேருந்தில் போவதாக ஏற்பாடு. துணைக்குப் பெற்றோர் இருவர் வேண்டுமென்று டீச்சர் கேட்டார். சுபாவின் அம்மா பெயர் கொடுத்ததாகத் தெரிந்ததும், எங்கள் அம்மா சித்தப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையை நாள் முழுக்க, செலவில்லாமல், படிப்புச் சூழலில் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையுமா என்ன.

சட்டை மினுக்கப்பட்டது. புதுச் சப்பாத்து வந்தது. கனக்கக் கதைக்கவேண்டாம், கேட்டால் மட்டும் பதில் சொல்லு, சும்மா சும்மா சிரிக்காதே என்று சித்தப்பாவுக்குப் பாடம் நடந்தது. அம்மா தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் சரிபார்த்தார். சப்பாத்துக்குள் இருந்த காலுறையை மட்டும் பார்க்கவில்லை. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

போகும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. சுபாவின் அம்மா தான் செய்துவந்த ரோல்ஸை முதலில் சித்தப்பாவுக்குத்தான் நீட்டினார். சித்தப்பா ஒன்றை எடுத்து, சிரிக்காமல், மிக மரியாதையாகச் சாப்பிட்டார். சுபாவின் அம்மா இன்னொன்றையும் வற்புறுத்திக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்தில் மணமக்களுக்கு முன்னால் பூப்போடும் பிள்ளை நான்தான் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

கிராமத்தில் சணல் சட்டையும் தோல் இடுப்புப்பட்டியும் அணிந்த ஒரு தாடிக்காரர் எங்களை அழைத்துப் போனார். கல்லில் மா அரைத்துக் காட்டினார். மான் கொம்பில் சீப்புச் செய்வது, வலை பின்னுவது, குடிசை நடுவில் நெருப்பு மூட்டுவது எல்லாம் காட்டினார். ஒரு குடிசைக்குப் பின்னால் கம்புகளில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. சுபாவின் அம்மா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். சித்தப்பா மட்டும் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்தவராக அவரும் மூக்கைப் பொத்தினார்.

கடைசியாகக் கப்பல். பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் பலகைகள், தார் வாசனை, ஒற்றைப் பாய்மரம், பின்பக்கம் வலது ஓரத்தில் சுக்கானாக ஒரு பெரிய துடுப்பு. எங்களை ஏற்றி, கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் அந்த அமைதியான இடத்தில் ஒரு சுற்றுக் காட்டுவதாகத் திட்டம். பிள்ளைகள் சேற்றுக் காலோடு தடதடவென்று ஏறினார்கள். டீச்சர் ஏறினார். சுபாவின் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதியுயர்ந்த சப்பாத்தோடு ஏறினார்.

சித்தப்பா இறங்குதுறையில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கழற்றி, ஓரமாகச் சோடி சேர்த்து வைத்தார். கப்பலின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் ஏறினார். வலது காலுறையில் பெரிய ஓட்டை. பெருவிரல் முழுதாக வெளியே வந்து வகுப்பைப் பார்த்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தாடிக்காரர் ஏன் என்று கேட்க, சித்தப்பா என்னிடம் திரும்பினார்.

“கப்பலுக்குள்ள ஆராவது சப்பாத்தோட ஏறுவினமே? நீயே சொல்லு.”

கோயிலுக்குள் யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா என்று கேட்கிற தொனி. நான் மொழிபெயர்த்தேன். சுபாவின் அம்மாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் சித்தப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்த விரலைத்தான் பார்த்தேன். அம்மா இதைக் கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

பிள்ளைகளே துடுப்பு வலித்து வெளியே வந்ததும், தாடிக்காரர் பாயை விரித்தார். காற்று திடீரென்று பக்கம் மாறியது. பாயின் கயிறு எங்கோ சிக்க, தாடிக்காரர் சுக்கானை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் ஓடினார். மற்ற நாட்களில் அவர் வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் என்று பிறகு தெரிந்தது. டீச்சர் சுக்கானைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டார். கப்பல் கரையோரக் கல்லணையைப் பார்த்து நேராகப் போகத் தொடங்கியது. அணைப்பக்கம் இருந்த பிள்ளைகள் துடுப்புகளை வெளியே நீட்டியபடியே விறைத்துப்போய் இருந்தார்கள். முட்டினால் அந்தத் துடுப்புகள் திருப்பி அவர்கள் நெஞ்சில்தான் அடிக்கும். அப்போது எனக்கு இது தெரியாது, சித்தப்பாவுக்குத் தெரிந்தது.

அவர் எழுந்தார். உடனே போகவில்லை. பக்கத்தில் இருந்த சுபாவின் அம்மாவை ஒருதரம் பார்த்தார். பெரியவர்களிடம் அனுமதி கேட்கிறார், எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நான் நினைத்தேன்.

பிறகு இரண்டே எட்டில் டீச்சரிடம் போனார். “விடுங்கோ டீச்சர்” என்றார், தமிழில். டீச்சர் விட்டுவிட்டார். அதன் பிறகு சித்தப்பா ஜெர்மனை மறந்தேபோனார். பாயை இறக்கு, துடுப்பை உள்ளுக்கு எடு, அந்தப் பக்கம் வலி என்று வீட்டில் ஒருநாளும் கேட்காத குரலில் கத்தினார். நான் பாய்மரத்தடியில் நின்று ஒவ்வொன்றையும் ஜெர்மனில் கத்தினேன். இருபத்துமூன்று பிள்ளைகளும் ஒரு வரி அதிகாரியும் கீழ்ப்படிந்தார்கள். கல்லணை எங்களைத் தொட்டுவிடும் தூரத்தில் நழுவிப் போனது.

கரைக்கு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். உன் சித்தப்பா உண்மையில் யார் என்று டீச்சர் கேட்டார். நானும் இரண்டு மொழிகளில், கிராமம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன்: “சித்தப்பா ஊரில கடலுக்குப் போறவர். எங்கட தாத்தாவுக்கே ரெண்டு வள்ளம் இருந்தது.” ஜெர்மன் அரசாங்கம் என்னவாவது செய்துகொள்ளட்டும் என்றிருந்தது எனக்கு.

தாடிக்காரர் சித்தப்பாவின் கையைப் பிடித்து விடவே மாட்டேன் என்றார். வைக்கிங்குகள் நல்ல கப்பலோட்டியைக் கப்பலோடு சேர்த்தே புதைப்பார்கள், அவ்வளவு மரியாதை என்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். சித்தப்பா தலையாட்டிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது சுபாவின் அம்மா முன் இருக்கைக்குப் போய்விட்டார். ரோல்ஸ் பெட்டி திறக்கவில்லை.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது. சாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். ஏழே நாளில் செவ்வாய் வீடு மாறியிருந்தது. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுச் சித்தப்பாவிடம் போனார்.

“தம்பி, உம்மை ஆர் சப்பாத்தைக் கழட்டச் சொன்னது? சுக்கானைப் பிடிக்க வேற ஆக்கள் இல்லையே?”

“பிள்ளையள் இருந்ததுகள் அண்ணி” என்றார் சித்தப்பா.

அதோடு பேச்சு முடிந்தது. அம்மாவின் முதல் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சப்பாத்தைக் கழற்றியதால் ஓட்டை தெரிந்தது. ஓட்டைக் காலுறைக்காரருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அழுக்குக் கூடையில் அந்தக் காலுறையைத் தேடி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தையல் பழக்கித்தந்திருந்தார்கள். என்னிடம் இருந்தது சிவப்புக் கம்பளி நூல் மட்டும்தான். இரண்டு மாலைகள் இருந்து தைத்து, ஒரு பையில் போட்டுச் சுபாவிடம் கொடுத்து, அவளுடைய அம்மாவிடம் காட்டச் சொன்னேன்.

மறுநாள் அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். துவைத்து, மினுக்கி, நான்காக மடித்திருந்தது. உன் அம்மா என்ன சொன்னா என்று கேட்டேன். கனநேரம் கையில் வைத்திருந்தாவாம். பிறகு, “வடிவாத் தைச்சிருக்கிறாள் எண்டு சொல்லு” என்றாவாம்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மூன்று மாடியும் ஓடி ஏறி, சமையலறையில் நின்ற அம்மாவிடமும் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவிடமும் காலுறையை நீட்டி, சுபாவின் அம்மா ஓம் என்றுவிட்டா, இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். சித்தப்பா கதிரையில் இருந்து, காலில் கிடந்த காலுறையைக் கழற்றி, சிவப்புத் தையல் போட்டதை மாட்டிக்கொண்டார். அளவாக இருக்கிறதா என்று கேட்டேன். ஓம் என்றார்.

குளியலறையில் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. நான் கதவுக்கு வெளியே நின்று, பூப்போடும் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையா ரோசாச் சட்டையா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.